அக்காவின் முதுகும் காரின் ஸ்பிரிங்கும்: சிறிய காருக்குச் சஸ்பென்சன் மாற்ற நினைப்போர் அறியவேண்டியவை

நல்லூர்த் திருவிழாக் காலத்திலும், தைப்பொங்கலுக்கும், மே மாதத்தில் முள்ளிவாய்க்காலுக்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலிருந்து சிறிய கார்கள் அதிகாலையில் வடக்கே புறப்படும். முன்னால் இருவர், பின்சீற்றில் மூவர், டிக்கி நிறையப் பைகள். பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு வானத்தைப் பார்த்தபடி காலி வீதியில் ஏறும். என்னுடைய விட்ஸ் காரும் அவற்றில் ஒன்று.

என் அக்கா கிளிநொச்சியில் இருக்கிறார். 2009 இல் அவருடைய முதுகில் பாய்ந்த ஷெல் துண்டுகளில் ஒன்று இன்னும் முள்ளந்தண்டுக்கு அருகில் இருக்கிறது. எடுப்பது ஆபத்து என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். கொழும்பில் கிளினிக் வரும்போது அவரை அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. ஒரு வழிக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் அவரால் இருக்க முடியாது. புகையிரதம் 2013 இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது மகிழ்ந்தோம், ஆனால் அதன் படிகளில் ஏறி இறங்குவது அவருக்குப் பெரும் பாடு. ஆகவே கார்தான்.

இந்தக் கட்டுரை அந்தக் காரில் நான் செய்த ஒரு பிழையையும், அதைத் திருத்தும்போது கற்றுக்கொண்டவற்றையும் பற்றியது. நான் பொறியியலாளன் அல்ல. ஆனால் காயப்பட்டவர்களையும் வயதானவர்களையும் செயற்கைக் கால் பொருத்தியவர்களையும் சிறிய காரில் ஏற்றித் திரியும் குடும்பங்கள் எங்களில் ஏராளம். அவர்களுக்கு இது பயன்படும்.

பழைய காரோடு வாழவேண்டிய காலம்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். வரியோடு சேர்த்துப் பார்த்தால் இன்றும் புதிய கார் பலருக்குக் கைக்கெட்டாது. அதனால் பத்து, பன்னிரண்டு வயதான விட்ஸ், அக்வா, ஃபிட், வேகன் ஆர், ஆல்ட்டோ கார்களைத் திருத்தித் திருத்தியே ஓடுகிறோம். அவற்றின் சஸ்பென்சன் தளரும் வயது இது. "புதுசு போடுறதுதானே, கொஞ்சம் நல்லதாகப் போடுவோம்" என்ற ஆசை வருவதும் இப்போதுதான்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. 2021 இல் நான் வாங்கிய கார் 2012 இல் தயாரானது. ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் அமர்ந்துவிடும். வேகத்தடைகளில் அடி இடிக்கும். வளைவில் சாயும். உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவர் மருந்து சொன்னார்: தாழ்வான, இறுக்கமான ஸ்பிரிங் நான்கு, பொனற்றுக்குள் ஒரு ஸ்ட்ரட் பார். "கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு ஓடும்" என்றார். போட்டேன். மரைன் டிரைவில் ஓட்டிப் பார்த்தபோது உண்மையிலேயே கவ்விக்கொண்டுதான் ஓடியது.

அடுத்த வாரம் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டேன். மாங்குளம் தாண்டியதும் அவருடைய பேச்சு நின்றது. ஓமந்தையில், "தம்பி, கொஞ்சம் நிப்பாட்டு. இந்தக் கார் ஓடேல்லை, குத்துது" என்றார். ஒருகாலத்தில் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக வரிசையில் நின்ற இடம் அது. "இஞ்ச எத்தினை தரம் நிண்டிருப்பம்" என்று சொல்லிக்கொண்டு, இடுப்பில் கைவைத்தபடி வீதியோரம் அரைமணி நேரம் நின்றார். மீதி வழியை 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டி வந்தேன்.

கொழும்புக்கு வந்து, விடயம் தெரிந்த ஒரு கராஜ் பாஸிடம் காரைக் கொடுத்தேன். அவர் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: பின் ஷொக் இரண்டும் செத்துவிட்டன, லோவர் ஆம் புஷ் கிழிந்திருக்கிறது, ரயர் காய்ந்துவிட்டது. நான் நோயை விட்டுவிட்டு அலங்காரம் செய்திருந்தேன்.

எந்தப் பாகம் என்ன செய்கிறது

என் அப்பாவிடம் மொறிஸ் மைனர் இருந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தின் மற்றப் பழைய கார்களைப் போல, அதுவும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியது. அந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கித் தாங்கும் ஒரு நீண்ட இரும்புக் கம்பி, அதாவது ரோர்ஷன் பார், பாரத்தைச் சுமக்கும். குலுக்கத்தை அடக்க, எண்ணெய் நிறைந்த கைநெம்பு ஷொக் இருக்கும். உதிரிப்பாகம் வராத நாட்களில் அப்பா அதற்கு எண்ணெய் விட்டு விட்டே ஓடினார். "கம்பி சுமக்கும், எண்ணெய் அடக்கும்" என்பார். எல்லாக் காருக்கும் பொருந்தும் பாடம் அது.

ஸ்பிரிங் பாரத்தைச் சுமக்கிறது. மேட்டில் அமுங்கிப் பள்ளத்தில் விரிகிறது. தனியே விட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

ஷொக் அப்சோபர், நாம் சுருக்கமாகச் சொல்லும் ஷொக், அந்த ஆட்டத்தை அடக்குகிறது. உள்ளே எண்ணெய் சிறு துவாரங்களால் தள்ளப்பட்டு, ஆட்டம் வெப்பமாக மாறுகிறது. ஷொக் காரைத் தூக்கிப் பிடிப்பதில்லை. ஆகவே பின்பக்கம் தாழ்ந்திருந்தால் அதற்கு ஷொக்கைக் குறைசொல்ல முடியாது.

புஷ் என்பது இரும்புக் கைகள் உடலோடு சேரும் இடத்திலுள்ள இறப்பர். வீதியின் சிறு அதிர்வையும் இரைச்சலையும் அது விழுங்குகிறது, சில்லை இடம் மாறாமல் பிடிக்கிறது.

பம்ப் ஸ்டொப் என்பது ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தடுக்கும் கடைசி மெத்தை.

விட்ஸ், அக்வா, ஃபிட் போன்றவற்றில் முன்பக்கம் மக்பேர்சன் ஸ்ட்ரட். ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும், கீழே லோவர் ஆம் தாங்கும். முன்சில்லால் ஓடும் வகைகளில் பின்பக்கம் ரோர்ஷன் பீம், இரு பின்சில்லுகளையும் இணைக்கும் ஒரு முறுங்கக்கூடிய உத்திரம். விலை குறைந்த, உறுதியான அமைப்பு. இதைப் பந்தயக் கார் ஆக்குவதில் பயனில்லை. நல்ல நிலையில் வைத்திருப்பதே பெரிய மேம்பாடு.

இறுக்கமான ஸ்பிரிங் முதுகுக்கு என்ன செய்கிறது

ஒரு சிறிய கணக்கு. முன்சில்லு ஒன்றின்மேல் 250 கிலோ பாரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றர் அமுங்க 2 கிலோ வேண்டிய ஸ்பிரிங் என்றால் கார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 85 தடவை என்ற மென்மையான தாளத்தில் ஆடும். அதையே 2.8 கிலோ ஸ்பிரிங்காக மாற்றினால் தாளம் நிமிடத்துக்கு 100 ஆகிறது. சாதாரண பயணிகள் காரிலிருந்து விளையாட்டுக் காரை நோக்கி நகர்ந்துவிட்டோம் என்று பொருள்.

அமர்ந்திருக்கும் மனித உடல், மேலும் கீழுமான அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான அதிர்வில். முள்ளந்தண்டும் வயிற்றுறுப்புகளும் அந்தத் தாளத்தோடு சேர்ந்து ஆடும் இயல்புடையவை. மென்மையான ஸ்பிரிங்கும் ஆரோக்கியமான ஷொக்கும் அந்த அதிர்வில் பெரும்பகுதியை இருக்கைக்கு வராமல் வடிகட்டும். இறுக்கமான ஸ்பிரிங்கும் செத்த ஷொக்கும் சேர்ந்தால் வடிகட்டி இல்லை. என் அக்காவுக்கு நடந்தது அதுதான்.

தாழ்த்துவதால் கிடைக்கும் இலாபத்தையும் கணக்குப் பார்க்கலாம். காரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 530 மில்லிமீற்றர் என்று கொண்டால், 30 மில்லிமீற்றர் தாழ்த்தும்போது வளைவில் வெளிச்சில்லுக்கு மாறும் பாரம் ஏறத்தாழ 6 வீதம் குறையும். அந்த 6 வீதத்துக்காக நாம் கொடுப்பது, ஸ்பிரிங் மேல்நோக்கி அமுங்கக்கூடிய தூரத்தில் அதே 30 மில்லிமீற்றர். ஐந்து பேர் ஏறிய காரில் அதற்குப் பின் எஞ்சுவது மிகக் கொஞ்சம். ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டொப் அடிபடும். மக்பேர்சன் ஸ்ட்ரட் காரை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் லோவர் ஆம் சாய்வு மாறி, கார் சாய முற்படும் தன்மை கூடுவதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. முழங்கால் மடங்காதவருக்கும் செயற்கைக் கால் அணிந்தவருக்கும் தாழ்ந்த காரில் ஏறுவது கடினம், இறங்குவது அதைவிடக் கடினம். இருக்கையின் உயரத்தில் 30 மில்லிமீற்றர் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அவர்களுடைய முகத்தைப் பார்க்கவேண்டும்.

நாம் ஏற்றும் பாரம்

ஜப்பானில் காரின் மொத்த எடையைப் பதிவு செய்யும்போது ஓர் ஆளுக்கு 55 கிலோ என்று கணக்கிடுகிறார்கள். ஐந்து பேருக்கு 275 கிலோ. இப்போது நம் பயணத்தைப் பாருங்கள். ஐந்து பெரியவர்கள் சராசரி 65 கிலோ என்றாலே 325. மடிக்கும் சக்கர நாற்காலி 15 முதல் 20 கிலோ. ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி, ஒடியல், தேங்காய், மாம்பழப் பெட்டி. 400 கிலோவை எளிதில் தொடுவோம்.

பின்பக்கம் தாழ்வது இதனால்தானா, ஸ்பிரிங் களைத்ததாலா என்று பிரித்தறியவேண்டும். வெறும் காரைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மேலேயுள்ள மட்கார்ட் விளிம்பு வரை அளவு நாடாவால் அளவுங்கள். இடமும் வலமும் 10 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம் அல்லது களைத்திருக்கலாம். அளவு சரியாக இருந்து, ஆட்கள் ஏறும்போது மட்டும் தாழ்ந்தால் முதலில் பாரத்தைக் குறையுங்கள். குறைக்கவே முடியாத குடும்பம் என்றால், அசல் உயரத்தில், சற்றே கூடிய பாரம் தாங்கும் பின் ஸ்பிரிங்கை உங்கள் மாதிரிக்கென்றே தேடி வாங்கலாம்.

இங்கே இரண்டு குறுக்கு வழிகள் பிரபலம். ஒன்று, சுருளுக்கு நடுவே திணிக்கும் இறப்பர் பஃபர். அது அந்தச் சுருளின் அசைவை முடக்கி, மற்றச் சுருள்களில் அழுத்தத்தைக் கூட்டி, ஸ்பிரிங்கை இறுக்கமாக்குகிறது. மற்றது, ஸ்ட்ரட்டுக்கு மேல் வைக்கும் ஸ்பேசர். வெள்ளம் நிற்கும் வீதிகளுக்காகப் பலரும் போடுகிறார்கள். உயரம் கூடும், ஆனால் முன் அச்சின் மூட்டுகள் கூடிய சாய்வில் சுழலும். போடத்தான் வேண்டுமென்றால் 20 மில்லிமீற்றரைத் தாண்டாமல், உலோகத்தில் அல்லது கடின நைலோனில் நன்றாகச் செய்ததைப் போட்டு, உடனே வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டும். ஸ்பிரிங்கை அறுத்துத் தாழ்த்துவதையும் சூடுகாட்டித் தாழ்த்துவதையும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். சூடேறிய உருக்கு பதம் இழந்து ஒருநாள் ஒடியும்.

எந்த வரிசையில் பணத்தைச் செலவிடுவது

முதலில் ரயர். வீதியைத் தொடுவது அது மட்டுமே. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் தயாரானது. இறப்பரில் வெடிப்புத் தெரிந்தால் பூ இருந்தாலும் மாற்றுங்கள். 165/70 ஆர்14 அளவுக்குப் பக்கத்தில் 81 என்று இருந்தால் அந்த ரயர் ஒன்று 462 கிலோ தாங்கும். பெரிய றிம், மெல்லிய ரயர் அழகாக இருக்கும், ஆனால் காற்று மெத்தையின் உயரம் குறைவதால் குத்தல் கூடும். காற்றழுத்தத்தைச் சாரதி கதவோரத்திலுள்ள ஒட்டியில் பார்த்து, குளிர்ந்த ரயரில் நிரப்புங்கள்.

இரண்டாவது, புஷ், போல் ஜொயின்ற், ரொட் என்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட். மேடுபள்ளத்தில் "டக் டக்" என்று கேட்டால் பெரும்பாலும் லிங்க் அல்லது மவுன்ட். பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபக்கம் இழுத்தால் லோவர் ஆம் புஷ்ஷையும் பாருங்கள். பொலியூரித்தேன் புஷ் நீடிக்கும், ஆனால் அதிர்வைக் கடத்தும், சிலவேளை கிரீச்சிடும். நோயாளியை ஏற்றும் காருக்கு இறப்பர் புஷ்ஷே நல்லது.

மூன்றாவது, ஷொக். எண்ணெய் கசிவு, ரயரில் அலையலையான தேய்வு, ஒரு மேட்டைத் தாண்டியபின் இரண்டு மூன்று தடவை ஆடுவது, பிரேக் பிடித்தால் மூக்குக் குத்துவது ஆகியவை அறிகுறிகள். மூலையை அழுத்திப் பார்ப்பது முழுச் சோதனை அல்ல. முற்றாகச் செத்ததை மட்டுமே அது காட்டும். எப்போதும் சோடியாக மாற்றுங்கள், முன் இரண்டு அல்லது பின் இரண்டு. அசல் தரத்துக்கு இணையானவற்றில், 1919 இல் ஜப்பானில் தொடங்கிய கயாபாவின் கே.வை.பி. எக்செல்-ஜி போன்றவை சாதாரண பாவனைக்குப் போதும். உயரம் மாற்றக்கூடிய கொயில்ஓவர் தொகுதிகள் தரமானவையாக இருந்தாலும், அவை அலைன்மென்டையும் சவாரியையும் அடிக்கடி சரிபார்க்கக்கூடியவர்களுக்கே.

நான்காவது, வீல் அலைன்மென்ட். மேலே சொன்ன எதை மாற்றினாலும் இது கட்டாயம். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, முந்தியதையும் பிந்தியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த நான்கும் முடிந்தபின், ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஏதாவது குறை இருந்தால்தான் ஸ்பிரிங் பற்றியும் பிரேஸ் பற்றியும் யோசிக்கவேண்டும். என் காரில் நான்காவதோடு குறை தீர்ந்துவிட்டது.

பிரேஸ் கம்பிகள் எதற்கு

இப்போது இளைஞர்கள் மிகவும் விரும்புவது இவை. பொனற்றுக்குள் இரு ஸ்ட்ரட் தலைகளையும் இணைக்கும் ஸ்ட்ரட் பார், அடியில் லோவர் ஆம் பொருந்தும் இடங்களை இணைக்கும் லோவர் பார், பின் பீமில் பூட்டும் ஸ்டெபிலைசர் பார். ஜப்பானின் குஸ்கோ, மலேசியாவின் அல்ட்ரா ரேசிங் போன்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும்.

காரின் உடல் ஒரு பெட்டி. வளைவில் பக்கவிசை வரும்போது அது மிகச் சிறிதளவு நெளிகிறது. அப்போது சில்லின் கோணமும் சிறிதளவு மாறுகிறது. பிரேஸ் அந்த நெளிவைக் குறைக்கும். பந்தயத் தடத்தில் அகன்ற, ஒட்டும் ரயரோடு ஓடுபவருக்கு அது தெரியும். புதிதான, விபத்தில்லாத சிறிய காரில் 70 கிலோமீற்றர் சட்ட வேகத்தில் ஏ9 வீதியில் போகும் குடும்பத்துக்குத் தெரிவது மிகக் குறைவு. முனைகளில் மூட்டு வைத்து அழகாகச் செய்த சில ஸ்ட்ரட் பார்களில் நெளிவைத் தடுக்கும் பலம் இன்னும் குறைவு. வாங்குவதென்றால் ஒரே துண்டாக, தடித்த தகட்டு முனைகளோடு, ஏற்கெனவே உள்ள போல்ற்களில் பூட்டக்கூடியதை வாங்குங்கள். உடலில் புதிதாகத் துளை போடவேண்டிய எதையும் வாங்காதீர்கள்.

பின் ஸ்டெபிலைசர் பார் விடயத்தில் கூடிய கவனம் வேண்டும். அது சாய்வைக் குறைக்கும், முன்பக்கம் வெளியே ஓடும் தன்மையையும் குறைக்கும். ஆனால் கூடவே பின்சில்லுகளின் பிடியையும் குறைக்கிறது. மாரிமழையில், தேய்ந்த பின் ரயரோடு, மாட்டுக்கோ யானைக்கோ விலக்க ஸ்டியரிங்கைத் திடீரென ஒடித்தால் பின்பக்கம் வழுக்கிச் சுழலலாம். காரைச் செய்தவர்கள் குடும்பக் காரின் முன்பக்கம் முதலில் வழுக்கும்படி வைத்திருப்பது சாதாரண சாரதியைக் காப்பாற்றத்தான்.

கடற்கரைக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கீழே நிறுத்தப்படும் கார்களை உப்புக் காற்று நாளும் தின்கிறது. பின் பீம், ஸ்பிரிங் அமரும் கிண்ணம், ஸ்ட்ரட் தலை, முன் சப்ஃபிரேம் ஆகியவை துருப்பிடிக்கும். ஸ்பிரிங் பெரும்பாலும் ஒடிவது கீழ்ச் சுருளில், சேறும் உப்பும் தங்கும் இடத்தில். துருப்பிடித்த உடலில் பிரேஸ் பூட்டுவது கறையான் அரித்த கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவதுபோல. ஆறு மாதத்துக்கொருமுறை அடியை நன்னீரால் கழுவி, துரு இருந்தால் சுரண்டிப் பூச்சடியுங்கள். அதற்கு ஆகும் பணம் எந்தப் பிரேஸைவிடவும் அதிகம் திருப்பித் தரும்.

ஜப்பானில் விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்ட கார்களும் இங்கே வந்திருக்கின்றன. ஏலத் தாளில் தரம் ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் அது திருத்திய உடல். நான்கு சில்லின் அளவும் அலைன்மென்டில் சரிவராவிட்டால், பிரேஸ் அதை நேராக்காது. கோணலை அப்படியே இறுக்கிப் பிடிக்கும்.

வாங்கும்போதும் பூட்டும்போதும்

பஞ்சிகாவத்தைக்குப் போகுமுன் பொனற்றின் உட்பக்கத் தகட்டிலுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விட்ஸ் என்றாலும் கேஎஸ்பி130 ஒன்று, என்எஸ்பி130 இன்னொன்று. முன் ஸ்ட்ரட்டில் இடம் வலம் வேறு. நான்கு சில்லும் இயங்கும் வகைக்குப் பின்பக்கமே வேறு. "எல்லாத்துக்கும் ஒண்டுதான்" என்ற சொல்லை நம்பவேண்டாம்.

ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய ஷொக் மலிவு. தண்டைக் கையால் அழுத்திவிட்டால் வாயு ஷொக் தானாக, ஒரே சீராக மேலெழவேண்டும். இடையில் தடங்கினாலோ, தண்டில் கீறல் இருந்தாலோ, கழுத்தில் எண்ணெய் ஈரம் இருந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். துளையிட்டு மீண்டும் வாயு அடைத்ததையும் வாங்காதீர்கள்.

பூட்டும்போது மூன்று விடயங்களைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஸ்பிரிங்கைச் சரியான அமுக்கியால் அமுக்கித்தான் கழற்றவேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். ஷொக்கின் பளபளப்பான தண்டைக் குறட்டால் பிடிக்கக்கூடாது. கீறினால் சீல் விரைவில் போய்விடும். புஷ் போல்ற்களை, கார் தூக்கியபடி தொங்கும்போது இறுதியாக இறுக்கக்கூடாது. சில்லுகள் தரையில் நின்று பாரம் ஏறியபின்தான் இறுக்கவேண்டும். இல்லையென்றால் இறப்பர் எப்போதும் முறுங்கியபடியே நின்று சில மாதங்களில் கிழியும். என் காரில் புதுப் புஷ் ஒன்று இப்படித்தான் முதல் தடவை வீணானது.

சட்டமும் காப்புறுதியும்

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்கிறோம். அது புகையை மட்டுமே பார்க்கும். தனியார் காரின் ஷொக்கையோ போல் ஜொயின்றையோ அங்கே யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. நாம்தான் பார்க்கவேண்டும். வாகனத்தின் அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பொருந்தும். அசலுக்கு ஈடான பாகத்தைப் பூட்டுவது பராமரிப்பு, உயரத்தையோ உடலையோ மாற்றுவது மாற்றியமைப்பு. இரண்டாவதைச் செய்யுமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள், காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். விபத்து நடந்தபின் "இதை எங்களுக்குச் சொல்லவில்லையே" என்ற கேள்வி வந்தால் பதில் இருக்காது.

கடைசியாக

தாழ்ந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பழைய அசல் ஸ்பிரிங்குகளையே திரும்பப் பூட்டினோம். நான்கு புது ஷொக், புது லோவர் ஆம் புஷ், இரண்டு லிங்க், நான்கு ரயர், ஓர் அலைன்மென்ட். ஸ்ட்ரட் பாரைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதில் இப்போது வீட்டம்மா தரைவிரிப்பைக் காயப்போடுகிறார்.

அதன்பிறகு அக்காவை அழைத்து வரப் போனபோது நான் எதுவும் சொல்லவில்லை. முன்சீற்றில் இருந்தார், இடுப்புக்குப் பின்னால் வழக்கமான சிறு தலையணை. மாங்குளத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஓமந்தையிலும் பேசிக்கொண்டிருந்தார். வவுனியாவில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினேன். மதவாச்சி தாண்டிச் சிறிது தூரத்தில் சத்தம் இல்லை. பயந்து திரும்பிப் பார்த்தேன். நித்திரை.

ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவைக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அன்று மட்டும் அனுராதபுரம் வரை எழுப்பவில்லை.